தறப்பாள் கூரையும் மண்வீடும்: முள்ளிக்குளம் எழுப்பும் கேள்வி

யுத்தமாயினும் இயற்கை அனர்த்தமாயினும், இந்நாட்டில் வீடிழந்தவரை முதலில் வந்தடையும் பொருள்களுள் ஒன்று தறப்பாள். 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின்னர் கரையோரமெங்கும் அதைக் கண்டோம். 2009 இல் செட்டிகுளத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெள்ளை வெளேரெனக் கண்டோம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாட்டைப் புரட்டிப் போட்டபோதும் நிவாரணப் பொருள்களோடு அதே தறப்பாள்தான் வந்திறங்கியது. உயிரைக் காக்கும் அவசர வேளையில் அதன் பயனை எவரும் மறுத்துவிட முடியாது. ஆனால், அவசரம் கடந்த பின்னரும் அகற்றப்படாத தறப்பாளைப் பற்றி நாம் போதியளவு பேசுவதில்லை. மன்னார் மாவட்டத்தின் முசலிப் பிரதேசத்திலுள்ள முள்ளிக்குளம், அந்தக் கதையை அனுபவித்து அறிந்த கிராமமாகும்.

துணிக்கூரை ஏழையின் அடையாளம், கல்வீடு செல்வனின் அடையாளம் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. ஆனால் கட்டடக்கலை உலகில் இன்று நிலைமை வேறு. இழுத்துக் கட்டிய துணியாலும் உருக்குக் கம்பிகளாலும் அமைக்கப்படும் இழுவிசைக் கூரைகள், விமான நிலையங்களுக்கும் விளையாட்டு அரங்குகளுக்கும் உரிய உயர்தொழில்நுட்பமாகக் கருதப்படுகின்றன. இத்துறையின் முன்னோடியான ஜேர்மனியர் பிறை ஒட்டோ, இரண்டாம் உலகப் போரின் முடிவில் பிரான்சின் சார்த்ர் நகருக்கு அருகே போர்க்கைதிகள் முகாமொன்றில் அடைக்கப்பட்டிருந்தவர். அங்கே முகாமின் கட்டடக் கலைஞராகப் பணியாற்றியபோது, மிகக் குறைந்த பொருளைக் கொண்டு மிகுந்த இடத்தை மூட வேண்டிய நிர்ப்பந்தம் அவருக்கு ஏற்பட்டது. 1972 மியூனிக் ஒலிம்பிக் அரங்கின் புகழ்பெற்ற கூரையின் பின்னால் நின்ற சிந்தனை அந்த அனுபவத்தோடு தொடர்புடையது. 2015 இல் பிரிட்ஸ்கர் விருது அவருக்கு உரியதாயிற்று. முகாமில் பிறந்த கலையொன்று மாளிகைகளுக்கு ஏறிச் சென்றது. முகாம்களில் வாழ்வோருக்கோ அந்தக் கலையின் வெறும் துணி மட்டுமே மிஞ்சியது.

யாத்திரிகனின் கூரை

ஹஜ் கடமைக்காக ஜித்தா விமான நிலையத்தில் இறங்கிய வாசகர்கள் இத்தகைய கூரையின் கீழ் நடந்திருப்பார்கள். 1981 இல் திறக்கப்பட்ட அந்த ஹஜ் முனையத்தில் கூம்பு வடிவான 210 துணிக்கூரைகள் உள்ளன. தெப்லோன் பூசிய கண்ணாடியிழைத் துணியினாலான இவை, தரையிலிருந்து ஏறத்தாழ 20 மீற்றர் உயரத்தில் தொடங்கி மேலெழுகின்றன. வெண்மையான துணி வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. பக்கங்கள் திறந்திருப்பதால் காற்று தடையின்றி உள்ளே நுழைகிறது. சூடேறிய காற்று கூம்பின் உச்சித் துவாரம் வழியே வெளியேறுகிறது. பாலைவன வெப்பத்தில், குளிரூட்டும் இயந்திரமில்லாமல், பல்லாயிரம் யாத்திரிகர்களுக்கு நிழல் தரும் இந்த அமைப்பின் பொறியியலாளர் டாக்காவில் பிறந்த பஸ்லூர் ரஹ்மான் கான். வானளாவிய கோபுரங்களுக்காகச் சிக்காகோவில் பெயர் பெற்றிருந்த அவர், 1982 இல் ஜித்தாவிலேயே காலமானார். மறு ஆண்டில் அந்த முனையத்துக்கு ஆகாகான் கட்டடக்கலை விருது கிடைத்தது.

மினாவின் கூடாரங்களுக்கு வேதனையான வரலாறொன்று உண்டு. 1997 ஏப்ரலில் அங்கே மூண்ட தீயில் 343 யாத்திரிகர்கள் உயிரிழந்தனர். பல்லாயிரம் பருத்திக் கூடாரங்கள் எரிந்து சாம்பலாயின. அதன் பின்னரே தீப்பற்றாத கண்ணாடியிழைத் துணியில் நிலையான கூடார நகரம் அங்கே அமைக்கப்பட்டது. துணிக்கூரை என்பதற்காக மனித உயிர் மலிவாகிவிடக் கூடாது என்ற பாடத்தை அவ்வரசு பெரும் விலை கொடுத்துக் கற்றுக் கொண்டது.

நம் மாவட்டத்திலும் யாத்திரிகர் கூடாரங்கள் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் ஆவணி மாத மடுமாதா திருவிழாவுக்கு நாட்டின் எல்லாத் திசைகளிலுமிருந்து வரும் பக்தர்கள் மடுக்காட்டில் கூடாரமிட்டுத் தங்குகின்றனர். மினாவிலும் மடுவிலும் கூடாரத்தில் தங்குவது எவருக்கும் இழிவாகத் தோன்றுவதில்லை. செல்வரும் வறியவரும் ஒரே துணியின் கீழ் உறங்குவது அந்த வழிபாட்டின் பெருமைகளுள் ஒன்றாகவே கருதப்படுகிறது. இதற்குக் காரணம் மிக எளியது. யாத்திரிகனுக்குப் புறப்படும் நாளும் திரும்பும் நாளும் தெரியும். அவன் திரும்பிச் செல்வதற்கு ஒரு வீடும் காத்திருக்கிறது.

மறிச்சுக்கட்டியின் ஓலை நகரம்

முசலிப் பிரதேசத்துக்கும் தற்காலிகக் கூரைகள் புதியவை அல்ல. முள்ளிக்குளத்துக்கு அண்மையிலுள்ள மறிச்சுக்கட்டியில், கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துக்குளிப்புக் காலங்களில் ஒரு நகரமே முளைத்தது. கீழக்கரையின் முஸ்லிம் குளியாட்களும், தூத்துக்குடிப் பரதவரும், அரபு நாட்டுக் குளியாட்களும், செட்டி வணிகரும், யாழ்ப்பாணத்தவரும் அங்கே ஒன்று கூடினர். வெறும் மணற்பரப்பாகக் கிடந்த கரையில் மூங்கிலாலும் ஓலையாலும் ஆன தெருக்களும், கடைகளும், வைத்தியசாலையும், நீதிமன்றமும் சில வாரங்களில் எழுந்து நின்றன. 1905 ஆம் ஆண்டின் முத்துக்குளிப்பு அவற்றுள் மிகப் பெரியது. பல்லாயிரக்கணக்கானோர் அங்கே குடியிருந்தனர். பருவம் முடிந்ததும் நகரம் கலைந்தது. கடற்காற்று மணலை மீண்டும் சமப்படுத்தியது.

அந்த நகரைத் தற்காலிகமானது என்பதற்காக எவரும் குறை கூறவில்லை. அங்கே தங்கியவர்கள் தம் விருப்பத்தின் பேரில் வந்தவர்கள். வேலை முடிந்ததும் ஊர் திரும்பியவர்கள். முத்துக் குவியல்களைக் காண வந்த ஆங்கில ஆளுநர் பிரெடரிக் நோர்த்துக்காக 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரிப்பில் எழுப்பப்பட்ட செங்கல் மாளிகையோ, இன்று கடலரிப்பில் இடிந்து சரிந்து கொண்டிருக்கிறது. நிரந்தரமாகக் கட்டப்பட்டது அழிகிறது. தற்காலிகமாகக் கட்டப்பட்டது தன் பணியை முடித்துக் கொண்டு கண்ணியமாக விடைபெற்றது. ஆகவே ஒரு கூரை எத்தனை காலம் நிற்கும் என்பதை வைத்து மட்டும் அதன் தகுதியை அளந்துவிட முடியாது.

ஓலைக்கும் தறப்பாளுக்கும் உள்ள வேறுபாடு

இழுவிசைக் கூரையின் இரகசியம் துணியில் இல்லை. அது இழுக்கப்படும் விதத்தில் இருக்கிறது. துணி அமுக்கத்தைத் தாங்காது, இழுவையை மட்டுமே தாங்கும். எனவே குதிரைச் சேணத்தைப் போல ஒரு திசையில் மேல் நோக்கியும் மறு திசையில் கீழ் நோக்கியும் வளைத்து, எப்போதும் விறைப்பாக இருக்கும்படி அதைக் கட்ட வேண்டும். ஒரு வளைவு மழையின் பாரத்தைச் சுமக்கும். மறு வளைவு காற்று மேலே தூக்கும் விசையை எதிர்க்கும். நமது முகாம்களில் நாலு தடிகளின் மேல் தட்டையாகக் கட்டப்படும் தறப்பாளில் இவ்விரண்டுமே இல்லை. மழை பெய்தால் நடுவில் நீர் தேங்கித் தொங்குகிறது. கச்சான் வீசினால் படபடத்து, கயிறு கட்டிய கண்களில் கிழிகிறது. வெயிலின் கதிர் பட்டுப் பட்டு அதன் இழை நொறுங்குகிறது. ஜித்தாவில் 20 மீற்றர் உயரத்தில் நிற்கும் துணி இங்கே தலையில் இடிக்கும் உயரத்தில் நிற்பதால், நண்பகலில் அதன் வெப்பம் முழுவதும் உள்ளே இருப்பவர் மீதே இறங்குகிறது. ஐ.நா. அகதிகளுக்கான உயர்ஸ்தானிகராலயம் வழங்கும் குடும்பக் கூடாரங்கள்கூட ஏறத்தாழ ஓராண்டுப் பாவனையை மனத்திற்கொண்டே தயாரிக்கப்படுகின்றன.

இனி நமது மண்வீட்டைப் பார்ப்போம். உயர்த்திய திண்ணை, குழைத்த மண்ணாலான தடித்த சுவர், சாணமிட்டு மெழுகிய நிலம், பனைமர வளைகள், சரிவான ஓலைக் கூரை ஆகியவையே அதன் அங்கங்கள். பகல் வெப்பத்தை உறிஞ்சும் தடித்த சுவர் அதை மெதுவாகவே உள்ளே விடும். ஓலை அடுக்குகளுக்கிடையே சிறைப்பட்ட காற்று வெயிலைத் தடுக்கும். செங்குத்தான சரிவு மாரி மழையை விரைந்து வடிக்கும். தாழ்ந்து நீண்ட இறவாரம் சுவரை மழைச் சாரலிலிருந்து காக்கும். இந்த ஒழுங்கை வகுத்தவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் பயின்றவரல்லர். தலைமுறைகளின் பட்டறிவு அதை வகுத்தது.

மண்வீட்டைப் புகழ்ந்து மயங்கவும் வேண்டியதில்லை. ஓலையில் தீ எளிதிற் பற்றும். பாம்பும் கறையானும் குடியேறும். வெள்ளம் சூழ்ந்தால் மண்சுவர் கரையும். ஒருகாலத்தில் மன்னார்க் கரையில் வீடுகளுக்கும் கோட்டைக்கும் பயன்பட்ட முருகைக்கல்லை இன்று அகழ்ந்தெடுக்கச் சட்டம் இடந்தராது; கடலின் நலன் கருதி அது சரியானதே. வசதி கிடைத்த குடும்பங்கள் ஓட்டுக்கும் சீமெந்துக்கும் மாறியதையும் குறை சொல்ல முடியாது.

ஆயினும் ஓர் உண்மை நம் கவனத்துக்குரியது. கிடுகுக் கூரைக்கும் ஆயுள் ஓரிரு ஆண்டுகள்தான். அவ்வகையில் ஓலையும் தறப்பாளும் ஒன்றே. ஆனால் ஓலை உக்கினால் புதிய ஓலை வேலிப் பனையிலும் வளவுத் தென்னையிலும் இருக்கிறது. அதை வேய அயலவரின் கைகள் இருக்கின்றன. மாரிக்கு முன்னர் கூரை வேய்வது ஊரை ஒன்று சேர்க்கும் வேலையாகவும் இருந்தது. தறப்பாள் கிழிந்தால் அடுத்த தறப்பாளுக்கு ஒரு விண்ணப்பமும், ஒரு பெயர்ப்பட்டியலும், ஓர் அதிகாரியின் கையொப்பமும் தேவைப்படுகின்றன. ஓலைக் கூரை தன்னைத் தானே புதுப்பித்துக் கொள்ளும் ஒரு வாழ்வின் பகுதி. தறப்பாள் ஒவ்வொரு முறையும் வெளியிலிருந்து வர வேண்டிய ஒரு சலுகை.

ஓலைக்குப் பனை வேண்டும். பனை காய்ப்பதற்கே ஒரு தசாப்தத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். வளைக்கு ஏற்ற வைரம் பாய இன்னும் பல தசாப்தங்கள் செல்லும். நட்டவரின் பேரன்தான் பெரும்பாலும் அதைத் தறிப்பான். அத்தனை காலம் ஒரே காணியில் நிலைத்திருக்கும் உறுதி இருந்தால் மட்டுமே ஒருவர் பனங்கொட்டையைப் புதைப்பார். பாரம்பரியக் கட்டடக்கலையின் உண்மையான அத்திவாரம் மண்ணோ சுண்ணாம்போ அல்ல. காணியின் மீதுள்ள நம்பிக்கையே.

காணியற்ற கூரைகள்

முள்ளிக்குளத்து மக்கள் இழந்ததும் அதுவே. 2007 செப்ரெம்பர் 8 ஆம் திகதி, யுத்த நடவடிக்கைகளின் பெயரால் அவர்கள் கிராமத்தை விட்டு வெளியேற்றப்பட்டனர். கடலிலும் வயலிலும் குளத்திலும் வாழ்வைக் கொண்டிருந்த கத்தோலிக்கத் தமிழ்க் கிராமம் அது. பின்னர் கடற்படை அங்கே தன் தலைமையகத்தை நிறுவிக் கொண்டது. யுத்தம் 2009 மே மாதம் முடிந்த பின்னரும் கிராமத்தின் வாயில் திறக்கவில்லை. 2012 இல் திரும்பிவந்த குடும்பங்கள் மலங்காட்டிலும் காயாக்குழியிலும் காட்டோரத்தில் கொட்டில்களை அமைத்துக் கொள்ள வேண்டியதாயிற்று. தமது சொந்தத் தேவாலயத்துக்கே அனுமதி பெற்றுச் சென்றுவர வேண்டிய நிலை. இடிபடாமல் எஞ்சியிருந்த வீடுகளில் வேறு மனிதர்கள் குடியிருப்பதை அவர்கள் வெளியில் நின்று பார்த்தார்கள்.

2017 மார்ச் 23 ஆம் திகதி அவர்கள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். 38 ஆவது நாளான ஏப்ரல் 29 அன்று 100 ஏக்கர் காணியை விடுவிக்கக் கடற்படை இணங்கியது. அது பெரும் வெற்றியே. எனினும் விடுவிப்பு முழுமையடையவில்லை. தேவாலயத்தைச் சுற்றித் திரும்பிவந்து தங்கிய குடும்பங்கள் மீண்டும் தற்காலிகக் கொட்டில்களிலேயே வாழ்வைத் தொடங்க நேர்ந்தது. ஊருக்கு வந்தும் வீட்டுக்கு வர முடியாத நிலை அது.

அந்தப் போராட்டம் தொடங்கிய மறுநாள், அதே முசலியில் இன்னொரு மக்கள் கூட்டத்தின் தலையில் இடி விழுந்தது. 2017 மார்ச் 24 அன்று வெளியான வர்த்தமானி, மாவில்லு என்ற பெயரில் ஏறத்தாழ ஓர் இலட்சம் ஏக்கர் பரப்பைப் பாதுகாக்கப்பட்ட வனமாகப் பிரகடனம் செய்தது. மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி முஸ்லிம் மக்கள் தமது மேய்ச்சல் நிலங்களும் பயிர்க் காணிகளும் அதற்குள் அகப்பட்டன என்று கூறி வீதிக்கு இறங்கினர். 1990 ஒக்ரோபர் இறுதியில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களுள் அடங்கியவர்கள் அவர்கள். அவர்களின் ஊர்களை ஆளில்லாத இரு தசாப்தங்களில் காடு மூடியிருந்தது. 2012 ஒக்ரோபரில் அப்பகுதிகள் முதலில் வன ஒதுக்கமாக அறிவிக்கப்பட்டபோது, உரியவர்களுள் பலர் இன்னும் புத்தளத்திலேயே இருந்தனர். வில்பத்துவை அண்டிய காட்டைக் காக்க வேண்டும் என்பதில் இரு கருத்து இருக்க முடியாது. கல்லாறு காடழிப்புத் தொடர்பில் 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பும் அதையே வலியுறுத்துகிறது. ஆனால், எல்லைக் கோட்டை வரையும்போது அந்த மண்ணின் மக்கள் அகதி முகாமில் இருந்தார்கள் என்பதை அக்கோடு கணக்கில் எடுக்கவில்லை.

புத்தளத்தில் அவர்கள் கழித்த காலமே நமது வாதத்துக்குச் சான்றாகும். அங்கே அவர்களின் கூரைகள் பெரும்பாலும் தறப்பாள் அல்ல, கிடுகு. நமது பாரம்பரியக் கிடுகுதான். ஆனால் காணி தமதாக இல்லாத இடத்தில், தென்னையும் தமதாக இல்லாத இடத்தில், கிடுகும் விலைக்கு வாங்க அல்லது நிவாரணமாக எதிர்பார்க்க வேண்டிய பொருளாயிற்று. தற்காலிகம் எனப்பட்ட கொட்டில்களில் குழந்தைகள் பிறந்து, வளர்ந்து, அவர்களும் பெற்றோராயினர். உலக வங்கியின் உதவியுடன் புத்தளம் வீடமைப்புத் திட்டம் 2007 இல்தான் ஆரம்பமாயிற்று. வெளியேற்றம் நிகழ்ந்து அதற்குள் 17 ஆண்டுகள் கடந்துவிட்டன. அகதியின் தலைக்கு மேல் இருக்கும்போது ஓலையும் தறப்பாளாகிவிடுகிறது.

முள்ளிக்குளத்துத் தமிழரும் மறிச்சுக்கட்டி முஸ்லிமும் வெவ்வேறு கைகளால் வெளியேற்றப்பட்டவர்கள். ஒருவரின் துயரை மற்றவர் தமது வாதத்துக்கு ஆயுதமாக்கிக் கொண்ட சந்தர்ப்பங்களும் உண்டு. ஆயினும் 2017 வசந்த காலத்தில் இரு சமூகங்களும் சில மைல் தொலைவில், ஒரே கோரிக்கையுடன் வீதியோரத்தில் அமர்ந்திருந்தன என்பதை வரலாறு பதிந்துகொண்டுள்ளது.

யாருக்காக, யாரைக் கேட்டு?

காணி கிடைத்த பின்னரும் எத்தகைய வீடு என்ற கேள்வி எஞ்சுகிறது. 2012 இல் முழு அளவில் தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டத்தில், வீடொன்றுக்கு 550,000 ரூபா பயனாளியிடமே கட்டங்கட்டமாக வழங்கப்பட்டது. தொகை போதவில்லை, பலர் கடனாளிகளாயினர் என்ற குறை நியாயமானது. எனினும் குசினி எங்கே, வாசல் எத்திசை என்பதைக் குடும்பமே தீர்மானித்தது. மேசனுக்கும் தச்சனுக்கும் உள்ளூரில் வேலை கிடைத்தது. அதற்கு நேர்மாறாக 2016 இல் 65,000 இரும்பு வீடுகள் என்ற திட்டத்தை அரசு முன்வைத்தது. ஆர்செலர் மிட்டல் நிறுவனத்தின் மூலம் வீடொன்றுக்கு ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா செலவாகும் எனப்பட்டது. விலைவாசி ஏற்றத்தைக் கணக்கிற் கொண்டாலும் அது மலைக்க வைக்கும் வேறுபாடு. வெப்பத்துக்கு ஒவ்வாதது, உப்புக் காற்றில் துருப்பிடிப்பது, விறகடுப்புக்கு இடமற்றது, பணம் உள்ளூரில் சுழலாமல் வெளியேறிவிடும் என்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புலமையாளர்களும் பொறியியலாளர்களும் எதிர்த்தனர். இறுதியில் அத்திட்டம் நிறைவேறவில்லை. துணியாயினும் இரும்பாயினும், குடியிருப்பவரைக் கேளாமல் தொலைவிலிருந்து வந்து இறங்கும் கூரைக்கு ஒரே குறைபாடுதான்.

கேட்டுச் செய்தால் என்ன விளையும் என்பதற்கு இலங்கையிலேயே உதாரணம் உண்டு. அம்பாந்தோட்டை மாவட்டத்தின் கிரிந்த, ஆழிப்பேரலையில் பாதிக்கப்பட்ட முஸ்லிம் மீனவக் கிராமம். அங்கே ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஷிகேரு பான், அழுத்தித் தயாரித்த மண்கற்களையும் றப்பர் மரத்தையும் கொண்டு வீடுகளை வடிவமைத்தார். பெண்களின் தனிமைக்கும் விருந்தினரின் வரவேற்புக்கும் இடையே மறைப்பு வேண்டும் என்ற அம்மக்களின் தேவை வீட்டின் அமைப்பிலேயே இடம்பெற்றது. 2013 இல் அத்திட்டம் ஆகாகான் விருதுக்கான இறுதித் தெரிவுப் பட்டியலில் இடம்பிடித்தது. பாரம்பரிய மண்ணும் நவீன அறிவும் பகைவர்களல்ல என்பதை கிரிந்த காட்டுகிறது. தமிழகத்தின் ஓரோவில் மண் ஆய்வு நிறுவனமும் நெடுங்காலமாக இத்தகைய அழுத்திய மண்கற்களில் பயிற்சியளித்து வருகிறது. நமது மாகாணத்தின் தொழில்நுட்பக் கல்லூரிகள் இதைக் கற்பிப்பதற்குத் தடையேதும் இல்லை.

ஆகவே நாம் முன்வைக்க விரும்புவது துணிக்கு எதிரான வாதம் அன்று. சரியாக இழுத்துக் கட்டிய துணிக்கூரை நமது மீன் இறங்குதுறைகளுக்கும், சந்தைகளுக்கும், திருவிழா மைதானங்களுக்கும் பெரிதும் பயன்படக் கூடியது. அனர்த்த வேளையில் கொடுக்கும் கூடாரமும், மினா கற்பித்த பாடத்தை மறவாமல், தீக்கும் காற்றுக்கும் தாங்கும் தரத்தில் இருக்க வேண்டும். ஆனால் வீட்டுக்குப் பதிலாக வழங்கப்படும் ஒவ்வொரு தற்காலிகக் கூரைக்கும் ஒரு முடிவுத் திகதி எழுத்தில் இருக்க வேண்டும். அத்திகதி தவறினால் பொறுப்புச் சொல்ல வேண்டிய அதிகாரி யார் என்பதும் அதிலேயே குறிக்கப்பட வேண்டும். முள்ளிக்குளத்தின் மக்களுக்கு அவர்களின் காணிகள் முழுமையாகத் திரும்பக் கிடைக்க வேண்டும். முசலியின் வன எல்லைகள் அங்கு வாழ்ந்த மக்களையும் வைத்துக்கொண்டு மீளாய்வு செய்யப்பட வேண்டும். அதன் பின்னர் மண்கல்லா சீமெந்துக் கல்லா, ஓலையா ஓடா என்பதை அந்தந்தக் குடும்பம் தீர்மானித்துக் கொள்ளும்.

முத்துக்குளிக்க வந்தவன் பருவம் முடிந்ததும் ஓலைக் கொட்டிலைப் பிரித்துக் கொண்டு ஊர் திரும்பினான். ஹாஜி மினாவின் கூடாரத்தை விட்டு வீடு திரும்புகிறார். மடுவின் பக்தர் திருநாள் முடிந்ததும் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக் கொள்கிறார். முசலியின் மக்களும் தமது தறப்பாளைத் தாமே அவிழ்த்துச் சுருட்டி வைத்துவிட்டு, தமது வேலியில் ஒரு பனங்கொட்டையைப் புதைக்கும் நாள் வர வேண்டும். யுத்தம் முடிந்து எத்தனை ஆண்டுகள் என்பதை அந்த நாளிலிருந்துதான் எண்ணத் தொடங்க முடியும்.